கரகரப்பும் மூலமே: ஒரு ஹிப் ஹாப் ஆல்பமும் உயர்தர டிஜிட்டல் ஒலியும்

இசையைப் பதிவுசெய்து வீட்டில் கேட்கத் தொடங்கிய காலத்திலிருந்து, ஒலிக்கருவிகளின் தரம் பெரும்பாலும் ஒரே கேள்வியால்தான் மதிப்பிடப்பட்டு வந்திருக்கிறது: அரங்கில் வாசிக்கப்பட்டது எதுவோ, அதற்கு எவ்வளவு நெருக்கமாக வீட்டில் ஒலிக்கிறது? சிம்பனி இசைக்கும் கச்சேரிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ஏனெனில் அங்கே மைக்கின் முன்னால் நிகழ்ந்த வாசிப்பு ஒன்று இருக்கிறது, அதுவே மூலம், பதிவு அதன் நகல். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சில நொடித் துணுக்குகளை வெட்டியெடுத்து, அவற்றை இயந்திரத்தில் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அவற்றின்மேல் தாளத்தையும் பேச்சையும் அடுக்கி உருவாக்கப்படும் ஹிப் ஹாப் இசைக்கோ அப்படியொரு மூலநிகழ்வு கிடையாது. எந்த அரங்கிலும் அந்த இசை ஒருசேர ஒலித்ததில்லை. ஸ்டூடியோவில் முடிவான ஒலிநாடாதான் அதன் முதல் வடிவமும் முழு வடிவமும் ஆகும்.

இன்று இணையவழி இசைச் சேவைகளும் கோப்பு விற்பனைத் தளங்களும் பழைய ஆல்பங்களை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களோடு (இவற்றின் பொருள் பின்னர் வரும்) உயர்தர வடிவில் தருகின்றன. அத்தகைய வடிவில் ஒரு ஹிப் ஹாப் செவ்வியல் ஆல்பத்தைக் கேட்கும்போது காதுக்கு உண்மையில் கிடைப்பது என்ன என்பதை ஆராய, நியூயார்க்கைச் சேர்ந்த ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் குழு 1991 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட தி லோ எண்ட் தியரி மிகப் பொருத்தமான சான்று. கரடுமுரடான இயந்திரங்களும் நுட்பமான ஒலிப்பொறியியலும் அதில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

ஆல்பமும் அதன் காலமும்

க்யூ-டிப், ஃபைஃப் டாக், அலி ஷாஹீத் முஹம்மது ஆகிய மூவரே இந்த ஆல்பத்தை உருவாக்கிய காலத்தில் குழுவின் உறுப்பினர்கள். முன்னிருவரும் பாடலைப் பேச்சுநடையில் நிகழ்த்தும் ராப் கலைஞர்கள், மூன்றாமவர் இசைத்தட்டுகளைக் கையாளும் டிஜே. க்வீன்ஸ் பகுதியில் வளர்ந்த க்யூ-டிப்பும் ஃபைஃப் டாக்கும் புரூக்ளின்காரரான அலியும் சேர்ந்து ஜைவ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகத் தந்த இரண்டாவது ஆல்பம் இது. பெரும்பகுதி மன்ஹாட்டனிலிருந்த பேட்டரி ஸ்டூடியோஸில் பதிவாயிற்று. ஒலிப்பொறியாளர் பாப் பவர். ஏறத்தாழ 48 நிமிடங்கள் ஓடும் 14 பாடல்களில் மேலோங்கி நிற்பது ஜாஸ் இசையின் சாயலும், அதைத் தாங்கும் கனத்த பேஸ் ஒலியும் ஆகும். பேஸ் என்பது அதிர்வெண் குறைந்த, காதில் விழுவதோடு உடம்பிலும் அதிர்வாக உணரப்படும் கீழ்ச்சுருதி ஒலி. ஆல்பத்தின் தலைப்பு அந்தக் கீழ்ச்சுருதியையும், அமெரிக்கச் சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்ட கறுப்பின ஆண்களின் நிலையையும் ஒருங்கே சுட்டுகிறது.

ஜாஸ் ஆல்பங்களிலிருந்து ராப் இசைக்குத் துணுக்குகளை எடுப்பது இவர்களுக்கு முன்பும் உண்டு என்றாலும், பாடலின் கட்டுமானத்தையே டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக்கருவியின் மேல் எழுப்பியது இந்த ஆல்பத்தின் துணிச்சல். முதல் பாடலான எக்ஸ்கர்ஷன்ஸில் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழு 1970களில் பதிவுசெய்த ஒரு இசைவடிவத்திலிருந்து எடுத்த பேஸ் வரி மட்டும் தனித்து ஒலிக்க, அதன்மேல் க்யூ-டிப் ராப் செய்யத் தொடங்குகிறார். டிரம்ஸ் பல வரிகள் கடந்த பிறகே வந்து சேர்கிறது. இத்தனை வெறுமையாக ஓர் ஆல்பத்தைத் தொடங்குவதற்கு, ஒலி தன் காலில் தானே நிற்கும் என்ற நம்பிக்கை தேவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகக் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2022இல் இதைச் சேர்த்தது.

இயந்திரத்தின் வரம்பு

பழைய பதிவிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தப்படும் துணுக்கை இசைக்கலைஞர்கள் சாம்பிள் என்றும், அதை எடுத்துச் சேமித்து விசைகளைத் தட்டி ஒலிக்கவிடும் கருவியைச் சாம்பிளர் என்றும் அழைக்கிறார்கள். அக்கால நியூயார்க் ஹிப் ஹாப்பின் ஒலியைத் தீர்மானித்தவை இரண்டு சாம்பிளர்கள்: கலிஃபோர்னியாவின் ஈமு நிறுவனம் 1987இல் வெளியிட்ட எஸ்பி-1200, ஜப்பானிய அகாய் நிறுவனத்தின் எஸ்950. இந்த ஆல்பத்தின் உருவாக்கத்திலும் இவ்விரண்டும் பங்கேற்றன.

எஸ்பி-1200 ஒலியை நொடிக்கு 26,040 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 பிட் எண்ணாகச் சேமித்தது. அதன் மொத்த நினைவகத்தில் அடங்கியது சுமார் 10 நொடி ஒலி மட்டுமே; ஒரு துணுக்கு இரண்டரை நொடிக்குமேல் நீள முடியாது. இந்தக் கஞ்சத்தனத்தைச் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் ஓர் உத்தியைக் கையாண்டனர்: நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுழலவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு வேகமாகப் பதிந்துகொண்டு, பிறகு கருவிக்குள்ளேயே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தனர். நினைவகம் மிச்சமாயிற்று, அதற்கு ஈடாக ஒலி கரகரத்தது. வேகத்தைக் கூட்டியதால் மேல்சுருதி ஒலிகளில் ஒரு பகுதி கருவியின் வரம்பைத் தாண்டி வெளியே விழுந்தது. சுருதியை இறக்கும்போது கருவி இடைப்பட்ட மதிப்புகளைக் கணித்து நிரப்பாமல், கையிலிருந்த மதிப்புகளையே திரும்ப எடுத்தாண்டதால் மூலப்பதிவில் இல்லாத புதிய அதிர்வுகளும் உள்ளே நுழைந்தன. டிரம்ஸ் அடிகளுக்கு ஒருவகை முரட்டுத்தன்மையைத் தந்த இந்தக் கோளாறைத் தயாரிப்பாளர்கள் விரும்பத் தொடங்கினர். பொறியியல் குறை என்று எழுதப்படவேண்டியது ஒரு தலைமுறையின் அழகியலாக மாறியது.

எஸ்950 வேறு வகையில் உதவியது. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலிகளை அடக்கும் வடிகட்டி அதில் இருந்தது. முழு இசைக்குழு வாசிக்கும் ஒரு துணுக்கை அதனுள் செலுத்தி மேலேயுள்ள பித்தளைக் கருவிகளையும் சிம்பல்களையும் மூடிவிட்டால், அடியிலிருந்த பேஸ் வரி மட்டும் உருண்டு திரண்டு வெளிப்படும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பல ஹிப் ஹாப் பாடல்களில் பேஸ் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகவும் கனமாகவும் கேட்பதற்கு இந்த உத்தியே காரணம். உயர்தரக் கோப்பில் கேட்டாலும் அந்த மந்தம் விலகாது, விலகவும் கூடாது.

இயந்திரங்களின் இந்தக் கரடுமுரடுக்கு நேர்மாறான திசையில் பாடுபட்டவர் ஒலிப்பொறியாளர் பாப் பவர். இசைத்தட்டிலிருந்து சாம்பிளோடு ஒட்டிக்கொண்டு வந்த உராய்வொலியையும் வெடிப்பொலியையும் குறைத்து, ஒரே பாடலில் அடுக்கப்பட்ட வெவ்வேறு காலத்து, வெவ்வேறு அறைகளின் ஒலிகள் ஒன்றையொன்று விழுங்காதபடி ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கினார். அன்றைய ஹிப் ஹாப் பதிவுகளில் பல இரைச்சலையே ஆயுதமாகக் கொண்டிருந்த சூழலில், இந்த ஆல்பம் துப்புரவாகவும் விசாலமாகவும் ஒலித்ததற்கு அவருடைய ஒலிக்கலவை முக்கியக் காரணம். வெர்ஸஸ் ஃபிரம் தி அப்ஸ்ட்ராக்ட் என்ற பாடலுக்கு, 1960களில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் வாசித்த ரான் கார்ட்டரே ஸ்டூடியோவுக்கு வந்து டபுள் பேஸ் வாசித்தார். பாடல்வரிகளில் வசைச்சொற்கள் இருக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆகவே இந்த ஆல்பத்தில் இயந்திரம் மென்று தந்த பேஸும், மைக்கின் முன்னால் கைவிரல் மீட்டிய பேஸும் அருகருகே இருக்கின்றன. தரமான ஒலியில் கேட்பவர் முதலில் உணரக்கூடிய வேறுபாடு இதுதான்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

டிஜிட்டல் ஒலியை விளக்க இரண்டு எண்கள் போதும். முதலாவது, ஒலியலையின் உயரத்தை ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கிறோம் என்பது. இதை அளவெடுப்பு வீதம் எனலாம். இரண்டாவது, ஒவ்வொரு முறையும் அந்த உயரத்தை எத்தனை நுண்ணிய படிகள் கொண்ட அளவுகோலால் அளக்கிறோம் என்பது. இதுவே பிட் எண்ணிக்கை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்து 1982இல் சந்தைக்கு வந்த சிடி, நொடிக்கு 44,100 அளவுகளை 16 பிட்டில் பதிகிறது. 12 பிட் அளவுகோலில் 4,096 படிகள், 16 பிட்டில் 65,536 படிகள், 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான படிகள் உள்ளன.

அளவெடுப்பு வீதம் கூடக்கூட ஒலியலை வழவழப்பாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். படிக்கட்டுப் போன்ற கோட்டைக் காட்டும் விளம்பரப் படங்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தொட்டுக்காட்டி, கிளாட் ஷானன் 1949இல் முறையாக நிறுவிய தேற்றம் வேறொன்றைச் சொல்கிறது: ஓர் ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் அளவெடுத்தால், அந்த ஒலியலையைப் புள்ளிகளுக்கு இடையிலும் பிசகின்றி மீட்டெடுக்க முடியும். எனவே சிடியின் 44,100 அளவுகள் சுமார் 22,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையுள்ள ஒலிகளை முழுமையாகப் பிடிக்கின்றன. மனிதச் செவியின் மேல்வரம்பு இளமையில் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ், வயது ஏற ஏற அது குறையும். 96,000 அளவுகள் எடுக்கும் உயர்தரக் கோப்பு கூடுதலாகப் பிடிப்பது பெரும்பாலும் மனிதருக்குக் கேளாத ஒலிப்பகுதியையே ஆகும்.

பிட் எண்ணிக்கை தீர்மானிப்பது, மிக உரத்த ஒலிக்கும் பதிவின் அடியில் கிடக்கும் மெல்லிய இரைச்சலுக்கும் இடையிலான தூரத்தை. ஒவ்வொரு பிட்டும் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 6 டெசிபலைச் சேர்க்கிறது. ஆகவே 12 பிட்டில் 72, 16 பிட்டில் 96, 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் கிடைக்கும். பதிவுசெய்யும் நேரத்திலும் கலவை நடக்கும் நேரத்திலும் 24 பிட் மிகப் பயனுடையது; ஒலியளவைச் சற்றுத் தாழ்வாக வைத்தாலும் இரைச்சல் தலைகாட்டாது என்பதால் பொறியாளருக்குப் பதற்றமின்றி வேலை செய்யும் இடம் கிடைக்கிறது. முடிந்த இசையைக் கேட்கும் வேளையில் நிலைமை வேறு. நல்ல நிலையிலுள்ள இசைத்தட்டே 70 டெசிபல் இடைவெளியைத் தாண்டுவது அரிது. அப்படிப்பட்ட தட்டிலிருந்து 12 பிட் சாம்பிளரால் எடுக்கப்பட்ட துணுக்குகளால் ஆன இசையின் முழு அசைவும் சிடியின் 96 டெசிபலுக்குள் இடம் மிஞ்சும்படி அடங்கிவிடுகிறது.

13,000 ஹெர்ட்ஸுக்கு மேலே

இங்கே நியாயமான ஐயம் ஒன்று எழும். எஸ்பி-1200 நொடிக்கு 26,040 அளவுகளையே எடுத்ததால் அதன் வழியாக வந்த துணுக்கில் சுமார் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க வழியில்லை. இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்திருந்தால், மூலச் சுருதிக்கணக்கில் அந்த வரம்பு 10,000 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். அப்படியானால் அந்தத் துணுக்குகளைப் பொறுத்தவரை சிடியின் பாதி கொள்ளளவே போதுமே என்று தோன்றும். நடப்பில் அப்படி இல்லை. டிஜிட்டல் எண்களை மறுபடி ஒலியாக்கும் கடைசிக் கட்டத்தில் ஒரு வடிகட்டி இருந்தாலொழிய, உண்மை ஒலியின் கண்ணாடிப் பிம்பங்களைப்போன்ற போலி அதிர்வுகள் வரம்புக்கு மேலே தோன்றுகின்றன. எஸ்பி-1200இன் 8 வெளியீட்டு வழிகளில் கடைசி இரண்டுக்கு அந்த வடிகட்டியே கிடையாது. அவற்றின் வழியே வெளிவரும் சிம்பலிலும் ஸ்னேர் டிரம் அடியிலும் ஓர் உலோகப் பளபளப்பு ஏறியிருக்கும். பழைய இசைத்தட்டில் அது இருந்ததில்லை, கருவி தானே உண்டாக்கிச் சேர்த்தது.

இவ்வாறு உண்டான பளபளப்பு கேட்கும் எல்லைக்குள் 13,000 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பரவிக்கிடக்கிறது. மேல்சுருதியை முதலில் வெட்டியெறியும் தரங்குறைந்த கோப்பில் அது காணாமல் போகும். சிடி தரத்திலோ அதற்கு மேலோ பத்திரமாக இருக்கும். ஆகவே ஹிப் ஹாப்புக்கு உயர்தர ஒலி தேவையில்லை, அது ஏற்கெனவே அழுக்கான ஒலிதானே என்ற வாதம் தலைகீழானது. அழுக்கு என்று சொல்லப்படுவது கலைஞர் தேர்ந்தெடுத்து வைத்த பொருளாக இருக்கையில், அதை அப்படியே கொண்டுசேர்க்கத் துல்லியமான ஊடகம்தான் வேண்டும். கரகரப்பான ஒலியைக் கரகரப்பான ஊடகத்தில் இட்டால் எது கலைஞருடையது, எது ஊடகத்தினுடையது என்று பிரித்தறிய இயலாமல் போகும்.

சிடி தரத்துக்கு மேலே செல்வதால் கூடுதல் பயன் உண்டா என்பதைச் சோதனைகள் ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர வட்டுகளின் ஒலியை நேரடியாகவும், இடையில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாகச் செலுத்தியும், எது எதுவென்று சொல்லாமல் கேட்பவர்களுக்கு ஒலிக்கவிட்டனர். 554 முயற்சிகளில் சரியாகக் கண்டறிந்தவை 276, அதாவது நாணயம் சுண்டினால் கிடைக்கக்கூடிய பாதிக்குப் பாதி. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரெய்ஸ் 2016இல் இத்தகைய 18 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கேட்பவர்கள் 52.3 விழுக்காடு முயற்சிகளில் சரியாக அடையாளம் கண்டது தெரியவந்தது. சிறியதானாலும் தற்செயல் என்று ஒதுக்கமுடியாத வேறுபாடு அது, பயிற்சி பெற்றவர்களிடம் மேலும் கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சிடிக்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் இடையே ஏதேனும் இருந்தால்கூட அது மயிரிழை வேறுபாடே என்பது புலனாகும்.

எம்பி3 எடுத்துக்கொண்டது

கண்கூடான இழப்பு நிகழ்வது சிடிக்குக் கீழே. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய எம்பி3, மனிதச் செவியின் ஒரு பலவீனத்தை அடிப்படையாகக் கொண்டது: உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதற்கு அருகான அதிர்வெண்ணிலுள்ள மெல்லிய ஒலி காதில் விழாது. அப்படி மறைந்துபோகக்கூடிய விவரங்களைக் கணித்து நீக்கிவிட்டால் கோப்பு பெருமளவு சுருங்கும். இந்த ஆல்பம் முழுவதும் சிடி தரத்தில் சுருக்காமல் வைக்கப்பட்டால் ஏறத்தாழ 500 மெகாபைட்டும், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் 1,650 மெகாபைட்டும் இடம்பிடிக்கும். நொடிக்கு 128 கிலோபிட் வீதமுள்ள எம்பி3 வடிவில் அது வெறும் 46 மெகாபைட். தொலைபேசிக் கம்பிவழியாக இணையம் வந்துகொண்டிருந்த காலத்தில் இந்தச் சுருக்கமே இசையைக் கணினிக்குக் கணினி பரப்பியது. 1999இல் இசைக் கோப்புப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர் தோன்றிய பின் ஒரு தலைமுறை செவ்வியல் ஹிப் ஹாப்பை இந்த வடிவில்தான் முதன்முதலில் கேட்டது.

குறைந்த வீத எம்பி3 ஹிப் ஹாப்பைக் குறிப்பாகப் பாதித்ததற்குக் காரணம் உண்டு. இந்த முறையில் ஒலி சிறு சிறு காலத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுக் கணக்கிடப்படுகிறது; ஒரு துண்டின் நடுவில் திடீரென ஸ்னேர் அடி விழுந்தால், கணக்கீட்டுப் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்பே ஒரு மங்கலான சலசலப்பாக வெளிப்படும். முன்னெதிரொலி எனப்படும் இக்குறை, வெறுமையான பின்னணியில் டிரம்ஸ் அடிகள் கூர்மையாக விழவேண்டிய இசையில் அடியின் விளிம்பை மழுக்கிவிடுகிறது. சாம்பிளோடு மிஞ்சியிருக்கும் இசைத்தட்டு உராய்வொலியும் ஒழுங்கற்றதாகையால் சுருக்குமுறை அதை எளிதில் கையாள முடியாமல் தண்ணீர் கொப்பளிப்பதுபோன்ற ஒலியாக மாற்றுவதுண்டு. நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட்டில் இக்குறைகள் பெரும்பாலோருக்குக் கேளாத அளவுக்கு அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இழப்பற்ற சுருக்கம் என்பது இதிலிருந்து அடிப்படையில் வேறானது. ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் முழுமையான வடிவில் வெளியான ஃபிளாக், தரவில் உள்ள ஒழுங்கைப் பயன்படுத்திக் கோப்பின் அளவைப் பெரும்பாலும் பாதியை ஒட்டிக் குறைக்கிறது. திறக்கும்போது ஒரு பிட்கூட மாறாமல் பழைய தரவு திரும்பக் கிடைக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021இல் தன் இசைத் தொகுப்பை இத்தகைய இழப்பற்ற தரத்தில் கூடுதல் கட்டணமின்றித் தரத் தொடங்கிய பின், சிடி தரம் என்பது சேகரிப்பாளர்களின் தனியுரிமையாக இல்லை. ஆயினும் வழக்கமான புளூடூத் ஹெட்ஃபோன்கள் ஒலியை மறுபடி இழப்புள்ள முறையில் சுருக்கியே காதுக்கு அனுப்புகின்றன. திரையில் தோன்றும் உயர்தர முத்திரை, கம்பியில்லாத கடைசிச் சில அடிகளில் பொருளிழந்துபோவது பலரும் கவனிக்காத ஒன்று.

எந்த மாஸ்டர்?

ஒலியின் தரத்தை இந்த எண்களையெல்லாம்விட அதிகமாகத் தீர்மானிப்பது மாஸ்டரிங். கலவை முடிந்த பாடல்களின் ஒலியளவையும் சுருதிச் சமநிலையையும் ஒழுங்குபடுத்தி, வெளியீட்டுக்குரிய இறுதி வடிவத்தை ஆக்கும் வேலை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து, பக்கத்துப் பாடலைவிடத் தன் பாடல் உரக்க ஒலிக்கவேண்டும் என்ற போட்டியில், மெல்லிய ஒலிகளை உயர்த்தி உரத்த ஒலிகளின் உச்சியை அழுத்தும் பழக்கம் பரவியது. அவ்வாறு அழுத்தப்பட்ட பதிவில் டிரம்ஸ் அடி பின்னணியிலிருந்து எழும்பி வராது. எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். பழைய ஆல்பங்களை மறுமாஸ்டர் செய்து மறுபடி வெளியிட்டபோது அவற்றில் பலவும் இந்தப் போட்டிக்கு உள்ளாயின.

ஆகவே உச்சிகள் சிதையாத 1991ஆம் ஆண்டுச் சிடியின் 16 பிட் ஒலி, அழுத்தி உரக்கவைத்த மறுமாஸ்டரின் 24 பிட் ஒலியைவிட உயிரோட்டமாக இருக்க முடியும். மற்றொரு வாய்ப்பும் உண்டு: அக்காலத்தில் பல ஆல்பங்களின் இறுதிக் கலவை 16 பிட் டிஜிட்டல் நாடாவில் பதியப்பட்டது, அத்தகைய நாடாவை மூலமாகக் கொண்ட 24 பிட் கோப்பில் கூடுதல் பிட்டுகள் காலியிடமாகவே இருக்கும். அனலாக் நாடாவிலிருந்து கவனமாகப் புதிதாக மாற்றப்பட்ட கோப்பு நன்றாக ஒலிக்கிறது என்றால், அந்த நன்மைக்கு உரியவர்கள் நாடாவைத் தேடியெடுத்துப் பொறுமையாகக் கையாண்ட பொறியாளர்களே. உயர்தரக் கோப்பு வாங்கிய பலர் உணரும் தெளிவு பெரும்பாலும் புதிய மாஸ்டரின் விளைவு. கோப்பின் எண்ணுக்குப் போகும் பாராட்டு அந்த மாஸ்டருக்கு உரியது.

நல்ல மாஸ்டர் இருந்தும் கிடைக்காமல் போவதும் உண்டு. இந்த ஆல்பம் வெளிவந்து மூன்று மாதத்துக்குள், 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிரான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அனுமதியின்றிச் சாம்பிள் எடுப்பதைத் திருட்டாகக் கருதித் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே உரிமை பெறுவது கட்டாயமாகி, அதற்கான செலவும் கூடியது. ஏ டிரைப் கால்டு குவெஸ்டின் நட்புக்குழுவான டி லா சோல் 1989இல் வெளியிட்ட முதல் ஆல்பம், பழைய சாம்பிள் ஒப்பந்தங்கள் டிஜிட்டல் வெளியீட்டைப் பற்றிப் பேசாததால் எழுந்த சிக்கலில், 2023 மார்ச் 3 வரை இணையவழி இசைச் சேவைகளை எட்டவேயில்லை. ஹிப் ஹாப்பில் தரமான கோப்பு கிடைப்பது பொறியியலோடு சட்டத்தையும் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

பேஸ் கேட்கும் அறை

கோப்பு செம்மையாக இருந்தாலும், கீழ்ச்சுருதியைத் தலைப்பிலேயே தாங்கிய ஓர் ஆல்பம் கடைசியில் ஸ்பீக்கரிடமும் அறையிடமும் சிக்குகிறது. டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த திறந்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கைபேசியின் சிறு ஸ்பீக்கர் அதன் அருகில்கூட வரமுடியாது. அப்படியிருந்தும் அதில் பேஸ் வரியின் மெட்டு புரிவதற்குக் காரணம், அந்தத் தாழ்ந்த சுரத்தின் மேல்மடங்கு அதிர்வுகளைக் கேட்ட மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்வதாகும். மெட்டு கிடைக்கும், கனம் கிடைக்காது. எக்ஸ்கர்ஷன்ஸ் போல் பேஸ் தனியே நிற்கும் பாடலில் இந்த இழப்பு பாடலின் பாதியை இழப்பதற்குச் சமம்.

பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல்; 4 மீட்டர் நீளமுள்ள சாதாரண அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே சுவர்களுக்கிடையில் நிலையலை உண்டாகி, சுவரோரத்தில் பேஸ் வீங்கியும் அறை நடுவில் வற்றியும் கேட்கும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்துவதால் விளையும் மாற்றம், 16 பிட்டிலிருந்து 24 பிட்டுக்குச் செல்வதால் விளைவதைவிடப் பன்மடங்கு பெரிது. ஒலியளவும் இதில் சேரும்: பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, ஒலி மெல்லியதாகும்போது செவி கீழ்ச்சுருதியைத்தான் முதலில் கைவிடுகிறது. எனவே நள்ளிரவில் தணித்து வைத்துக் கேட்கப்படும் இந்த ஆல்பம், கலவை செய்தவர் ஸ்டூடியோவில் கேட்ட சமநிலையில் இருக்காது. அறையின் குறுக்கீட்டைத் தவிர்க்க விரும்புவோருக்குக் கம்பியுள்ள நல்ல ஹெட்ஃபோனே செலவு குறைந்த வழி. உடம்பில் உணரும் அதிர்வை மட்டும் அது தராது.

கேட்பவர் கையில் உள்ள சோதனை

இவற்றையெல்லாம் பிறர் சொல்ல ஏற்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 24 பிட் கோப்பு ஒன்றை எடுத்து, இலவச மென்பொருளால் அதையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி மாறிமாறிக் கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே மாஸ்டரிலிருந்து இரண்டையும் பெறுவதும் ஒலியளவைச் சமப்படுத்துவதும் இதில் இன்றியமையாதவை. சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் தரமானதாகத் தோன்றும் என்பது செவியின் இயல்பு. அடுத்து அதே பாடலின் பழைய சிடியையும் பிற்கால மறுமாஸ்டரையும் இதே முறையில் ஒப்பிட்டால், எந்த வேறுபாடு கேட்கிறது, எது கேட்பதில்லை என்பது ஒரு மாலைக்குள் விளங்கிவிடும்.

தி லோ எண்ட் தியரியை உயர்தர டிஜிட்டல் ஒலியில் கேட்பதன் நியாயம், அது ஆல்பத்தை மேம்படுத்தும் என்பதில் இல்லை. 12 பிட் கருவியின் கரகரப்பு, வடிகட்டியால் மூடப்பட்ட பேஸின் மந்தம், ரான் கார்ட்டரின் விரல்படும் தந்தி, பாப் பவர் ஒதுக்கிய வெற்றிடம் ஆகியவை அனைத்தும் கலைஞர்களின் முடிவுகள். அவற்றோடு எதையும் சேர்க்காமலும் அவற்றிலிருந்து எதையும் கழிக்காமலும் கொண்டுசேர்ப்பதே ஊடகத்தின் கடமை. அந்தக் கடமையை நல்ல மாஸ்டரும் சிடி தரமும் ஏற்கெனவே நிறைவேற்றுகின்றன. அதற்கு மேலுள்ள எண்களுக்குச் செலவிட எண்ணுபவர், அந்தப் பணத்தில் முதலில் ஸ்பீக்கரையோ ஹெட்ஃபோனையோ சீர்செய்துகொண்டால், 1991இல் நியூயார்க்கில் முடிவான ஒலிக்கு இன்னும் சில படிகள் அருகில் செல்வார்.